கடல் எடுத்த தெருவும் தலையெழுத்தும்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூருக்குப் போகும் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போனால், வலப்பக்கம் கடலுக்கு முன்னால் கருங்கல்தான் கண்ணில் படும். பெரிய பெரிய கற்கள், சாலையோரம் நெடுகக் கொட்டிக் கிடக்கும். நடுநடுவே கடலுக்குள் நீளும் கல்வரிசைகள். அரசு அறிவிப்புகளில் அவற்றுக்குத் தூண்டில் வளைவு என்று பெயர். இந்தக் கற்கள் எல்லாம் பின்னால் வந்தவை. முன்பு இங்கே மணல் இருந்தது, வலை உலர்த்த இடம் இருந்தது, கோயில்களும் தெருக்களும் இருந்தன. வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், அலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி, "அதோ, அங்கதான் எங்க ஆயா வீடு இருந்துச்சு" என்பார்கள். எப்படிப் போச்சு என்று கேட்டால், "கடல் எடுத்துக்கிச்சு. எங்க தலையெழுத்து, வேற என்ன" என்பார்கள்.

அந்தத் தலையெழுத்து எழுதப்பட்ட வருடம் நமக்குத் தெரியும். இந்தக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. வருடத்தின் பெரும்பகுதி அலை தெற்குப் பக்கத்திலிருந்து சாய்ந்து வந்து கரையில் மோதுவதால், மணல் கரையோரமாகவே தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கொஞ்சம் தெற்கே திரும்பும். மொத்தக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். 1875ல் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். கடலுக்குள் கல்சுவர்கள் நீண்டன. 1881ல் அடித்த புயல் அவற்றை உடைத்துப் போட்டது, மறுபடியும் கட்டினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல், சுவருக்குத் தெற்கே அப்படியே தேங்கியது. கவர்னர் கிரான்ட் டஃப் 1884ல் நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்த கரை, அதனால் வருடத்துக்கு வருடம் அகலமானது. சுவருக்கு வடக்கே மணல் வரத்து நின்றது. அலை நிற்கவில்லை. ராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் கரை அரிந்துகொண்டே போனது.

சென்னைக்கு வருகிறவர்கள் எல்லாம் போய்க் கால் நனைக்கும் அந்த அகலமான மணல்வெளியும், இங்கே காணாமல் போன தெருவும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள்.

விதியா மதியா என்ற பழைய கேள்வியை நான் இங்கே நின்றுதான் பார்க்க விரும்புகிறேன். பட்டிமன்ற மேடையில் இது பேசப்படும்போது ஒரு பக்கம் தனி மனிதன், இன்னொரு பக்கம் விதி, அவ்வளவுதான் இருப்பார்கள். அவனைச் சுற்றி ஊர் கிடையாது, கம்பெனி கிடையாது, அரசாங்கம் கிடையாது. அப்படி ஒரு தனி மனிதனை நான் வடசென்னையில் பார்த்ததில்லை. இங்கே விதி என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, யாரோ எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு. அவர்களுடைய மதி, இரண்டு தலைமுறை தள்ளி இன்னொருவர் வாசலுக்கு விதியாக வந்து சேருகிறது. அனல்மின் நிலையம் எங்கே வரும், சுத்திகரிப்பு ஆலை எங்கே வரும், நகரத்தின் குப்பை எங்கே கொட்டப்படும் என்பதெல்லாம் கிரகங்கள் கூடிப் பேசித் தீர்மானித்தவை அல்ல. மணலியில் 1969லிருந்து எண்ணெய் சுத்திகரிக்கப்படுகிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970ல் ஓட ஆரம்பித்து 2017ல் மூடப்பட்டது. கொடுங்கையூருக்குப் பாதி நகரத்தின் குப்பை வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு உண்டு, கையெழுத்து உண்டு.

இப்படிச் சொல்வதால் நம் பெரியவர்கள் ஊழ் பற்றிச் சொன்னதை ஒதுக்கிவிடலாம் என்று அர்த்தமில்லை. அவர்கள் இதை மிகவும் ஆழமாக யோசித்திருக்கிறார்கள். புத்தரும் மகாவீரரும் வாழ்ந்த காலத்திலேயே மற்கலி கோசாலர் என்பவர் எல்லாம் நியதிப்படிதான் நடக்கும், மனித முயற்சியால் அணுவும் மாறாது என்று போதித்தார். அவருடைய ஆசீவக நெறி தமிழ்நாட்டில் பல நூற்றாண்டுகள் இருந்தது. மணிமேகலையிலும் நீலகேசியிலும் ஆசீவகரோடு நேருக்கு நேர் வாதம் நடக்கிறது. வடக்கே அந்த நெறி மங்கிய பிறகும் இங்கே அது பேசப்பட்டது என்றால், கேட்பதற்கு ஆள் இருந்தார்கள் என்றுதானே பொருள்?

கணியன் பூங்குன்றனார் புறநானூற்றின் 192ஆம் பாட்டில் ஆற்று வெள்ளத்தில் போகும் தெப்பம் போல உயிர் முறைவழியே போகிறது என்கிறார். அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. வாழ்க்கை அப்படித்தான் போகிறது என்பதால், பெரியவர்களைப் பார்த்து வியக்கவும் மாட்டோம், சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்கிறார். விதி நம்பிக்கைக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியவில்லை. வேலைக்கு மனுப் போடும்போது வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று எழுதத் தயங்கி, வேறு பகுதியில் இருக்கும் சொந்தக்காரர் முகவரியைக் கொடுக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கிறவர் அந்தப் பாட்டின் கடைசி இரண்டு வரியை உண்மையாகவே நம்பினால், அந்தப் பிள்ளைக்குப் பொய் முகவரி தேவைப்படாது.

அதே பாட்டில் இன்னொரு வரி இருக்கிறது. தீதும் நன்றும் பிறர்தர வாரா. அதை என்னால் எண்ணூரில் நின்று அப்படியே ஏற்க முடியவில்லை. 2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவில், அங்குள்ள உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறி, தூக்கத்திலிருந்து எழுந்து கிடைத்த வண்டியில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். ஐம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அந்தத் தீது பிறர் தந்துதான் வந்தது.

திருக்குறளுக்கு வருவோம். 'ஊழிற் பெருவலி யாவுள' என்று 380ஆம் குறளில் கேட்டவரே, 'ஊழையும் உப்பக்கம் காண்பர்' என்று 620ல் சொல்கிறார். இதில் எது வள்ளுவரின் உண்மையான கருத்து என்று காலங்காலமாகச் சண்டை. எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் குறள்கள் இருக்கும் இடம். ஊழ் அதிகாரம் அறத்துப்பாலின் கடைசியில் வருகிறது. ஆள்வினையுடைமை பொருட்பாலில், உரைகாரர்கள் அரசியல் என்று பகுத்து வைத்த பகுதியில் வருகிறது. ஊழைப் புறமுதுகு காட்ட வைக்கும் முயற்சி, முதலில் ஆளுகிறவனுக்கு இருக்க வேண்டிய குணமாக வைக்கப்பட்டிருக்கிறது. குறள் எல்லோருக்கும் பொது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நாம் அதைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறோம். கூலி வேலை செய்கிறவரிடம் 'முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்' என்று உபதேசம் செய்கிறோம், கையில் அதிகாரம் இருப்பவர் ஒன்றும் செய்யாதபோது நம் நேரம் சரியில்லை என்கிறோம்.

திருவொற்றியூர்க்காரர்கள் இந்தச் சிக்கலைத் தேடி நூலகம் போக வேண்டியதில்லை. தியாகராஜர் கோயில் மகிழ மரத்தடியிலேயே அது இருக்கிறது. சுந்தரர் இங்கே சங்கிலியாரை மணக்க விரும்புகிறார். உன்னைப் பிரிய மாட்டேன் என்று சன்னிதியில் சத்தியம் செய்ய வேண்டும். செய்வதற்கு முன்பே, நான் சத்தியம் செய்யும் நேரம் நீங்கள் சன்னிதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள் என்று சிவனிடம் கேட்டுக்கொள்கிறார். சிவன் சரி என்கிறார். அப்புறம் சங்கிலியாரிடம், சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கிக்கொள் என்றும் சொல்லிவிடுகிறார். சுந்தரர் மரத்தடியிலேயே சத்தியம் செய்கிறார், வசந்த காலம் வந்ததும் திருவாரூர் ஞாபகத்தில் ஊர் எல்லையைத் தாண்டுகிறார், கண் இரண்டும் போகிறது. பெரியபுராணத்தின்படி, திருவாரூரில் அவர் முன்பே மணந்த பரவையாரும் இந்தச் சங்கிலியாரும் அவருக்கு மனைவியாவது கயிலாயத்திலேயே முடிவான காரியம். கல்யாணம் விதி. இருந்தும், சொன்ன சொல்லை மீறியது அவர் கணக்கில்தான் எழுதப்பட்டது. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கும்போது கூடியிருக்கும் கூட்டத்துக்கு இதில் முரண்பாடு எதுவும் தோன்றுவதில்லை. நடந்தது முன்பே முடிவானது என்று நம்புவதும், செய்தவரைப் பொறுப்பாக்குவதும் ஒரே மனதில் சேர்ந்தே இருக்கின்றன.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் இந்தச் சேர்க்கை தினசரி வாழ்க்கை. விசைப்படகில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். படகு திரும்பியதும் மீன் ஏலம் போகும். வந்த பணத்தில் டீசல், ஐஸ், கடலுக்குக் கொண்டுபோன மளிகை எல்லாம் கழித்த பிறகு மிச்சம் இருப்பதில் முதலாளிக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு. ஒரு வாரம் பத்து நாள் கடலில் கிடந்துவிட்டு வெறுங்கையோடு வருவதும் உண்டு. பாடு, அதாவது மீன் வரத்து, எப்படி என்று கேட்டால், "கடலம்மா குடுத்தா உண்டு" என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்தான் கிழிந்த வலையைக் கண் கண்ணாகப் பார்த்துப் பின்னுவார், காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று விடியற்காலையில் கரையில் நின்று பார்ப்பார், போன தடவை மீன் கிடைத்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்திருப்பார். விதியை நம்புகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைப்பவர்கள், விடியற்காலை நான்கு மணிக்கு அங்கே போய்ப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கடல் கொடுத்தாலும் போக முடியாது. இந்தத் தடை மீன் இனப்பெருக்கத்துக்காக அரசு எடுத்த முடிவு, பாடு கடலின் கையில், உழைப்பு தன் கையில். மூன்றையும் காசிமேட்டு ஆள் தனித்தனியாகவே பார்க்கிறார். படித்தவர்கள்தான் மூன்றையும் ஒன்றாகப் போட்டு விதி என்று மூடிவிடுகிறோம்.

மூளை ஆராய்ச்சியை வைத்துச் சுதந்திரமே கிடையாது என்று நிறுவப் பார்ப்பவர்கள் உண்டு. 1983ல் பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட சோதனைதான் இதில் பிரபலம். கையை அசைக்க வேண்டும் என்று ஆள் உணர்வதற்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு நொடி முன்பே மூளையில் அதற்கான மின் அலை எழும்பிவிடுகிறது என்று அவர் காட்டினார். அந்த அலை ஏற்கெனவே எடுத்த முடிவுதானா, இல்லை மூளையில் எப்போதும் ஏறி இறங்கும் சலசலப்புதானா என்று 2012க்குப் பிறகு கடுமையான கேள்விகள் வந்திருக்கின்றன. காரணமே இல்லாமல் கையை அசைப்பதை வைத்து, ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்வதா வேண்டாமா என்று மாதக்கணக்கில் யோசிப்பதை அளக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு ஆராய்ச்சி இதைவிட நம் விஷயத்துக்கு நெருக்கமானது. 1967ல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும், என்ன செய்தாலும் தப்பிக்க முடியாத மின் அதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பிறகு தப்பிக்க வழி இருந்தபோதும் முயலாமல் படுத்துக்கொண்டதைப் பதிவு செய்தார்கள். கையாலாகாத்தனத்தை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்பது அன்றைய விளக்கம். உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் ஏறிய அந்த விளக்கத்தை, 2016ல் அந்த இரண்டு பேருமே திருப்பிப் போட்டார்கள். நீடித்த துன்பத்தில் முடங்கிப் போவது மூளையின் இயல்பான நிலை, யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நான் செய்தால் நடக்கும் என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்கிறது என்றார்கள். இதைப் படித்தபோது எனக்கு இங்கே தெருக்களில் இருக்கும் கேரம் போர்டுகள் நினைவுக்கு வந்தன. மின்விளக்கைத் தாழ இறக்கிக் கட்டி, பவுடர் தூவி, இரவு வெகுநேரம் வரை காய் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் போர்டுகள். நான்கு பக்கமும் எதுவும் தன் கையில் இல்லாத ஒரு பிள்ளைக்கு, தன் விரல் சுண்டினால் காய் போகும் என்று கற்றுத்தரும் இடம் அது. புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். அதில் அவருடைய உழைப்பு மலையளவு. அந்த உழைப்புக்கு ஒரு போர்டும், சொல்லித்தர ஆளும், பெண் பிள்ளையை விளையாட விட்ட வீடும் தெருவிலேயே இருந்தன. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமை. வியாசர்பாடியில் கால்பந்தும் அப்படித்தான் வளர்ந்தது.

பிறந்த இடம் எவ்வளவு தூரம் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு அளந்து பார்த்த ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்க அரசு 1994ல் ஐந்து நகரங்களில் ஏழைக் குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, வசதியான பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கொடுத்தது. தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு கணக்கெடுத்தார்கள். 13 வயதுக்கு முன்பு அப்படி இடம் மாறியவர்கள், இருபதுகளின் நடுவில் மற்றவர்களைவிடச் சுமார் 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். அதற்கு மேற்பட்ட வயதில் மாறியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. அதே மாதிரிப் பிள்ளைகள், அதே மாதிரிப் பெற்றோர், மாறியது தெருவும் வயதும்தான். நம் ஊரிலும் ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் இருந்தவர்களை இடம் மாற்றினார்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தெற்கு ஓரத்துக்கு, பழகிய வேலையையும் பள்ளியையும் விட்டு வெகுதூரத்துக்கு. அங்கே வளரும் பிள்ளை படிப்பை நிறுத்தினால் அதையும் ஜாதகத்தில் தேடுவது நியாயமா?

இந்தப் பக்கத்து மக்கள் எழுதியதை அழித்து எழுதிய ஒரு காலமும் உண்டு. பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் மில்கள் இருந்தன. பின்னி மில் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அங்கே தொழிலாளிகளுக்கு மதியம் சாப்பிட அரை மணி நேரம்தான்; வெளியே வந்து, கை கழுவி, தின்றுவிட்டு ஓட வேண்டும். அடி உதையும் இருந்தது. மில்லுக்குப் பக்கத்தில் வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒரு பக்திச் சபை. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் நடத்தியது. தொழிலாளிகள் வேலை முடிந்து பிரசங்கம் கேட்க அங்கே வருவார்கள். வந்த இடத்தில் தங்கள் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். திரு.வி.க. அங்கே பேசினார். 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, முறையாக அமைந்த தொழிற்சங்கங்களில் இந்தியாவிலேயே முதலாவது. தலைவர் பி.பி.வாடியா. அவர் அடையாறு பிரம்மஞான சபைக்காரர், கர்மவினையில் முழு நம்பிக்கை வைத்திருந்தவர். பக்திச் சபையில், வினைப்பயனை நம்பிய ஒருவர் தலைமையில், சாப்பாட்டு நேரத்தை நீட்டு என்ற கோரிக்கை எழுந்தது. மில் நிர்வாகம் 1920ல் வாடியா மீது ஐகோர்ட்டில் வழக்குப் போட்டுத் தடை உத்தரவு வாங்கியது. அந்த அதிர்ச்சியில் எழுந்த குரல்தான் 1926 தொழிற்சங்கச் சட்டம் வரை போனது. பெரம்பூரில் அரை மணிச் சோற்றுக்காகப் பேசியவர்கள், நாடு முழுக்கத் தொழிலாளிகள் எந்தச் சட்டத்தின் கீழ் நிற்பார்கள் என்பதையே மாற்றிவிட்டார்கள்.

அதை ஒரு வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. 1921 வேலைநிறுத்தத்தில், நிறுத்தத்தை மேற்கொண்டு தாங்க முடியாத ஆதிதிராவிடத் தொழிலாளிகள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள், புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. ஒரே மில், ஒரே கோரிக்கை, ஆனால் மறுத்து நிற்கும் வசதி எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. மதி என்பதும் கையிருப்பைப் பொறுத்ததுதான், எத்தனை நாள் பட்டினியைத் தாங்க முடியும் என்பது உட்பட. 1996ல் மில் மூடப்பட்டபோது, மூன்று தலைமுறையாக அதை நம்பியிருந்த வீடுகளைக் கேட்டு யாரும் முடிவெடுக்கவில்லை.

இப்போதும் முடிவுகள் எடுக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை வேண்டாம் என்று 2025ல் மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். பெரிய தொழில் திட்டங்களுக்கு, 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். எல்லாத் திட்டத்துக்கும் இல்லை. அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் வருவதற்கு விலக்கு உண்டு, அந்த விலக்கு நம் பகுதியை நிறையவே பாதிக்கிறது. நடத்தும் இடத்தில், குறைந்தது 30 நாள் முன்பு அறிவிக்க வேண்டும், அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கணக்கு கிடையாது, பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் கூட்டம்தான். கூட்ட முடிவில், யார் என்ன சொன்னார்கள் என்று பதிவு செய்ததை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆள் அங்கேயே தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் கலெக்டர் கையெழுத்து.

நம் ஆட்கள் நன்றாகப் பேசுகிறார்கள், கோபமாகவும் விவரமாகவும் பேசுகிறார்கள். பேசி முடித்ததும் கிளம்பிவிடுகிறார்கள். மீன் கூடை காத்திருக்கும், பிள்ளை ஸ்கூல் விட்டு வந்திருக்கும், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்கு ஒருவராவது அந்த வாசிப்பு முடியும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். தாங்கள் சொன்னது அதில் வரவில்லை என்றால், கையெழுத்தாவதற்கு முன்னால் எழுந்து நின்று சேர்க்கச் சொல்ல வேண்டும்.